கதைக்கும் வரலாற்றுக்கும் ஒரே சொல்

ஹவாயி எரிமலைகள் தேசியப் பூங்காவின் அலுவலகத்துக்குத் தபாலில் கற்கள் வந்துகொண்டே இருக்கின்றன. சுற்றுலா வந்தவர்கள் ஒரு கறுப்புப் பாறைத் துண்டை நினைவுப்பொருளாக எடுத்துப் போகிறார்கள். ஊர் திரும்பியதும் வேலை போகிறது, கல்யாணம் முறிகிறது, கார் இடித்துக்கொள்கிறது. எரிமலைத் தெய்வமான பெலேயின் சாபம் அது என்று யாரோ சொல்ல, பயந்துபோய் அந்தக் கல்லை அட்டைப்பெட்டியில் வைத்து, மன்னிப்புக் கடிதம் ஒன்றையும் எழுதித் திருப்பி அனுப்புகிறார்கள்.

ஹவாயியர்களின் பழைய பாடல்களிலோ கதைகளிலோ இப்படியொரு சாபம் கிடையாது. இருபதாம் நூற்றாண்டில் சுற்றுலாவோடு சேர்ந்து வளர்ந்த கதை இது. ஆனால் ஹவாயித் தொன்மம் என்று உலகத்தில் அதிகம் பேருக்குத் தெரிந்திருப்பது இதுதான். இதற்கு அடுத்தபடியாக டிஸ்னியின் 'மோனா' படத்தில் பாட்டுப் பாடிக்கொண்டே வரும் மாவி.

கலிஃபோர்னியாவிலிருந்து விமானத்தில் ஐந்து மணி நேரம். பதினோரு நாள் விடுப்பில் ஹவாயியின் பெரிய தீவுக்குப் போயிருந்தேன். கடற்கரை எனக்கு அவ்வளவாக ஒத்துவராது. எரிமலையைப் பார்க்கணும், அந்த எரிமலையைப் பற்றி அந்த ஊர்க்காரர்கள் என்ன சொல்லிவைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளணும், அவ்வளவுதான் திட்டம். பகலில் வண்டியோட்டமும் இரவில் வாசிப்புமாக நாட்கள் போயின. மூன்றாவது நாளே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன்.

மோஒலேலோ.

'மோஒ' என்றால் தொடர்ச்சி, ஒன்றன்பின் ஒன்றாக வருவது. 'ஓலேலோ' என்றால் பேச்சு. சொல்லிச் சொல்லிக் கைமாறி வந்தது மோஒலேலோ. ஹவாயி மொழி அகராதியைத் திறந்தால் இந்த ஒரே சொல்லுக்குக் கதை, புராணம், வரலாறு, மரபு, ஆவணம் என்று எல்லாப் பொருளும் இருக்கிறது. பெலே தீவுக்கு வந்ததும் மோஒலேலோ, முதலாம் கமேஹமேஹா தீவுகளை ஒரே அரசாக்கியதும் மோஒலேலோ.

இதைப் பார்த்ததும் இரண்டு முடிவுகளுக்கு எளிதாகத் தாவிவிடலாம். 'பாவம், அவர்களுக்குக் கதையும் வரலாறும் வேறு வேறு என்று தெரியவில்லை' என்பது ஒன்று. 'ஆகா, அவர்கள் புராணம் முழுக்க அறிவியல்' என்பது இன்னொன்று. இரண்டாவது முடிவின் நம்மூர் வடிவங்களை வாட்ஸப்பில் தினமும் பார்க்கிறோம். இரண்டுமே எனக்குப் போதவில்லை. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு கடந்த இருநூறு ஆண்டுகளில் ஹவாயியர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்பதுதான் சுவாரஸ்யமாக இருந்தது.

குழி தோண்டிக்கொண்டே வந்தவள்

பெலே ஹவாயியில் பிறந்தவள் அல்ல. கஹிகி என்ற தூரத்து நாட்டிலிருந்து படகில் வந்தவள். அவளுக்கும் அக்கா நாமகாவுக்கும் தீராத பகை. பெலே நெருப்பு, நாமகா கடல். ஓடிவந்த பெலே தன் நெருப்புக்கு ஒரு வீடு தேடுகிறாள். கையில் ஒரு தோண்டுகோல். வடமேற்கில் நீஹாவில் தோண்டிப் பார்க்கிறாள், காவாயில் தோண்டுகிறாள், ஓவாஹு, மொலோகாய் என்று தீவு தீவாக வருகிறாள். தோண்டும் இடத்திலெல்லாம் தண்ணீர் புகுந்து நெருப்பை அணைத்துவிடுகிறது. மாவி தீவில் அக்காவும் தங்கையும் நேருக்கு நேர் மோதிக்கொள்கிறார்கள். பெலே அங்கே உடலை இழக்கிறாள். 'பெலேயின் எலும்புகள்' என்று பெயர் கொண்ட குன்று ஒன்று அந்தத் தீவில் இன்றும் இருக்கிறது. உடலை விட்ட ஆவி தென்கிழக்கே பெரிய தீவுக்கு வந்து, கிலாவேயா எரிமலையின் ஹலேமாவுமாவு என்ற பள்ளத்தில் குடியேறுகிறது. அங்கே தோண்டியபோது தண்ணீர் வரவில்லை.

வரைபடத்தில் இந்தப் பயணத்தை விரலால் தொடர்ந்து பாருங்கள். வடமேற்கிலிருந்து தென்கிழக்கு. இந்தத் தீவுகளின் வயதும் இதே வரிசையில்தான் குறைகிறது. காவாய்க்கு ஏறத்தாழ ஐம்பது லட்சம் ஆண்டு. பெரிய தீவின் நிலப்பரப்புக்குப் பத்து லட்சம் ஆண்டுகூட ஆகவில்லை. இதற்குக் காரணத்தை 1963ல் கனடாவின் புவியியற்பியலாளர் டூசோ வில்சன் முன்வைத்தார். பூமிக்கடியில் வெப்பப் புள்ளி ஒரே இடத்தில் இருக்கிறது, அதன் மேலே பசிபிக் தட்டு வடமேற்காக நகர்ந்துகொண்டே போகிறது, ஒவ்வொரு தீவும் நெருப்பைவிட்டு விலகி அணைந்துபோகிறது என்றார்.

அப்படியானால் பழைய ஹவாயியர்களுக்குத் தட்டுநகர்வு தெரிந்திருந்ததா? இல்லை. அவர்களுக்குக் கண் இருந்தது. காவாயில் மலைகள் அரித்து ஆழமான பள்ளத்தாக்குகளாகிவிட்டன, மண் சிவந்து கனிந்துவிட்டது. பெரிய தீவில் பாறை இன்னும் கறுப்பாக, காலைக் கிழிக்கிறது. எந்தத் தீவு மூத்தது என்று சொல்ல அது போதும். 1840ல் இங்கு வந்த அமெரிக்கப் புவியியலாளர் ஜேம்ஸ் டேனாவும் மலைகள் அரித்திருக்கும் அளவைப் பார்த்துத்தான் தீவுகளின் வயது வரிசையை ஊகித்தார். தலைமுறைகளாகப் படகில் தீவுவிட்டுத் தீவு போனவர்கள் பார்த்ததைப் பாட்டில் கட்டி வைத்தார்கள். அக்கா தங்கைச் சண்டையாகச் சொன்னால் மறக்காது இல்லையா?

தங்கை தோண்டிய பள்ளம்

வயது வரிசை பொதுவான அவதானிப்புதான். பெலேயின் கடைசித் தங்கை ஹியாகாவின் கதை அதைவிடத் துல்லியமானது. ஹவாயியின் மகத்தான காவியமும் அதுதான்.

தூங்கும் பெலேயின் ஆவி ஒரு மத்தளச் சத்தத்தைப் பின்தொடர்ந்து காவாய் தீவுக்குப் போகிறது. அங்கே லோஹியாவு என்ற தலைவன்மேல் அவளுக்குக் காதல். விழித்ததும் அவனை அழைத்துவரத் தங்கையை அனுப்புகிறாள். நாற்பது நாள் கெடு. ஹியாகா ஒரே ஒரு வாக்குறுதி கேட்கிறாள். நான் வரும்வரை என் லேஹுவா மரக்காட்டையும் என் தோழி ஹோபோயேவையும் எரித்துவிடாதே, அக்கா.

வழியெல்லாம் பூதங்களோடு சண்டை. போய்ச் சேர்ந்தால் லோஹியாவு இறந்து கிடக்கிறான். மந்திரம் ஓதி உயிர் கொடுத்து அழைத்துவருகிறாள். கெடு தாண்டிவிடுகிறது. பொறாமையில் பெலே காட்டை எரிக்கிறாள், ஹோபோயேவைக் கல்லாக்குகிறாள். இத்தனை வழியும் லோஹியாவைத் தொடாமல் வந்த ஹியாகா, பள்ளத்தின் விளிம்பில், அக்கா பார்க்கப் பார்க்க அவனைக் கட்டிக்கொள்கிறாள். பெலே அவனைத் தீக்குழம்பில் மூழ்கடிக்கிறாள். அவன் உடலைத் தேடி ஹியாகா அந்தப் பள்ளத்தைத் தோண்ட ஆரம்பிக்கிறாள். பாறைகள் பறக்கின்றன, அடுக்கடுக்காக நிலம் இறங்குகிறது. இன்னும் தோண்டினால் தண்ணீர் உள்ளே வந்து பெலேயின் நெருப்பையே அணைத்துவிடும் என்று சொல்லி அவளைத் தடுக்கிறார்கள்.

கிலாவேயாவின் உச்சியில் இருக்கும் பெரும் பள்ளம் 1790ல் நடந்த வெடிப்பில் உண்டானது என்று புவியியலாளர்கள் நெடுங்காலம் கருதிவந்தார்கள். பல பத்தாண்டுகள் அங்கேயே வேலை செய்த அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறையின் டான் ஸ்வான்சன் 2008ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பாறை அடுக்குகளையும் கரிக்காலக் கணிப்பையும் வைத்து அவர் சொன்ன வரிசை இது: 1410 முதல் 1470 வரை, ஏறத்தாழ அறுபது ஆண்டுகள், ஒரு மாபெரும் தீக்குழம்பு ஓடித் தீவின் கிழக்குக் காடுகளை மூடியது. அது முடிந்ததும், 1500ஐ ஒட்டி, உச்சி இடிந்து இறங்கிப் பெரும்பள்ளம் உண்டானது. அதற்குப் பிறகு முந்நூறு ஆண்டுகள் நிலத்தடி நீரும் நெருப்பும் மோதிய வெடிப்புகள்.

முதலில் காடு எரிகிறது. பிறகு தங்கை தோண்டுகிறாள். பிறகு தண்ணீர் பயம். கதையின் வரிசை அப்படியே இருக்கிறது. வாய்மொழி மரபைச் சரியாகக் கவனிக்காததுதான் எரிமலையாளர்களைத் தவறான பாதையில் கொண்டுபோனது என்று ஸ்வான்சன் அந்தக் கட்டுரையிலேயே எழுதியிருக்கிறார். கதை காத்திருந்தது, படித்தவர்கள் அதைக் காதல் கதை என்று மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

2018 மே மாதம் இதன் சிறிய ஒத்திகை ஒன்று நடந்தது. தீவின் கிழக்கே பூனா பகுதியில் நிலம் பிளந்து நெருப்பு வந்தது. எழுநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் போயின. அதே மாதங்களில் ஹலேமாவுமாவு கீழே கீழே இறங்கி, முன்பைவிட ஏறத்தாழ ஐந்நூறு மீட்டர் ஆழமானது. அடுத்த ஆண்டு அந்தப் பள்ளத்தின் அடியில் தண்ணீர் ஊறி ஒரு குளமே உண்டானது.

நான் தங்கியிருந்த வீட்டுக்காரப் பெண்மணி அந்த எழுநூறு வீடுகளில் ஒன்றை இழந்தவர். ஹவாயியில் வயதில் மூத்தவர்களை எல்லாரும் ஆன்ட்டி, அங்கிள் என்றுதான் கூப்பிடுகிறார்கள். நமக்குச் சுலபம்.

"கோபம் வரலையா ஆன்ட்டி?" என்றேன்.

"யார் மேல?" என்றார். "அவ இடத்துல நாங்க வீடு கட்டியிருந்தோம். வர்றான்னு தெரிஞ்சதும் தரையைக் கூட்டித் துடைச்சு, வாசல்ல தீ இலை வெச்சுட்டு வெளிய வந்தோம். விருந்தாளி வரும்போது வீடு குப்பையா இருக்கக் கூடாது பாரு." கொஞ்சம் நிறுத்தி, "இன்ஷூரன்ஸ்காரன் மேல கோபம் வந்துது, அது வேற" என்று சிரித்தார். தீ இலை என்பது அங்கே பூசைக்குப் பயன்படும் ஒரு செடியின் நீண்ட பச்சை இலை, நம் நெருப்பு இல்லை.

பன்னிரண்டு எழுத்துகளும் ஒரு தொடர்கதையும்

எழுத்தே இல்லாத மொழியின் காவியம் என் கிண்டிலுக்கு எப்படி வந்து சேர்ந்தது? அந்தக் கதை அரசியல் கதை.

மிஷனரிகள் வந்து பழைய மதத்தை அழித்தார்கள் என்றுதான் பொதுவாக நினைப்போம். ஹவாயியில் நடந்தது வேறு. 1819ல் முதலாம் கமேஹமேஹா இறந்ததும், அவர் மனைவியரில் இருவரான காஹுமானுவும் கேயோபுவோலானியும் இளம் அரசன் லிஹோலிஹோவை இணங்கச் செய்தார்கள். அவன் எல்லார் முன்னாலும் பெண்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டான். ஆணும் பெண்ணும் சேர்ந்து உண்ணக் கூடாது என்ற 'கபு' எனும் விலக்கு முறை அந்தச் சாப்பாட்டோடு உடைந்தது, கோயில்கள் இடிக்கப்பட்டன. பாஸ்டனிலிருந்து மிஷனரிகள் வந்து இறங்கியது அதற்குப் பிறகுதான், 1820ல். 1824ல் கப்பியோலானி என்ற பெண் தலைவர் கிலாவேயாவுக்கு நடந்துபோய், பெலேக்குப் படைக்காமல் தொடக் கூடாத ஓஹேலோ பழங்களைப் பறித்துத் தின்று, பள்ளத்தின் விளிம்பில் கிறிஸ்தவப் பிரார்த்தனை செய்தார். ஒன்றும் ஆகவில்லை. இங்கிலாந்தின் டென்னிசன் இதைப் பற்றிப் பின்னால் கவிதையே எழுதினார்.

மிஷனரிகள் ஹவாயி மொழிக்குப் பன்னிரண்டு ரோமன் எழுத்துகளை வகுத்தார்கள். பைபிளுக்காக வந்த எழுத்து. சில பத்தாண்டுகளிலேயே பெரும்பாலான மக்கள் எழுதப்படிக்கக் கற்றுவிட்டார்கள். 1834ல் முதல் ஹவாயி மொழிப் பத்திரிகை வந்தது, மிஷனரிப் பள்ளியிலிருந்து. 1861ல்தான் ஹவாயியர்கள் தாங்களே நடத்திய பத்திரிகை வந்தது. பெயர் 'கா ஹோகூ ஓ கா பாகிபிகா', அதாவது பசிபிக்கின் நட்சத்திரம். பின்னாளில் அரசரான டேவிட் கலாக்காவாவுக்கும் அதில் பங்கு உண்டு. அதன் முதல் ஆண்டிலேயே ஹியாகாவின் கதை தொடராக வர ஆரம்பித்தது. எழுதியவர் கப்பிஹெனுயி. பாடல்களோடு, வாராவாரம். மிஷனரிகள் ஆபாசம் என்று கொதித்தார்கள். பத்திரிகை விற்றது.

ஏன் அந்த அவசரம்? அப்போது ஹவாயியர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். 1778ல் கேப்டன் குக் வந்தபோது சில லட்சம் பேர் இருந்திருக்கக் கூடிய தீவுகளில், அம்மை, காய்ச்சல், பால்வினை நோய் என்று வெளியிலிருந்து வந்த ஒவ்வொன்றும் ஆளை அள்ளிக்கொண்டு போனது. 1890 மக்கள்தொகைக் கணக்கில் கலப்பினத்தவரையும் சேர்த்து எஞ்சியது ஏறத்தாழ நாற்பதாயிரம் பேர். பாட்டு தெரிந்த கிழவர் ஒருவர் இறந்தால் அந்தப் பாட்டும் போகும். அதனால்தான் பத்திரிகையில் கதை எழுதினார்கள். 'எங்கள் ஊரில் இது வேறு மாதிரி' என்று வாசகர்கள் மறுப்பும் திருத்தமும் எழுதினார்கள். அவையும் அச்சாயின. சாமுவேல் கமாகாவ் போன்ற வரலாற்றாசிரியர்கள் எழுதியதெல்லாம் இந்தப் பத்திரிகைகளில்தான். 1905ல் தொடங்கி இன்னொரு நாளிதழில் ஹியாகா கதையின் இன்னும் விரிவான வடிவம் ஏறத்தாழ ஓராண்டு தொடராக வந்தது. மிஷனரிக் குடும்பத்தில் பிறந்த மருத்துவர் நதானியேல் எமர்சன் 1915ல் ஆங்கிலத்தில் வெளியிட்ட புத்தகம்தான் உலகத்துக்குத் தெரிந்தது. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே ஹவாயியர்கள் தங்கள் மொழியில் அச்சில் படித்துக்கொண்டிருந்தார்கள்.

1834 முதல் 1948 வரை வந்த ஹவாயி மொழிப் பத்திரிகைகளின் பக்கங்களைக் கூட்டினால் ஒரு லட்சத்தைத் தாண்டும். இவற்றில் ஆங்கிலத்துக்கு வந்திருப்பது மிகச் சிறு பகுதி. மங்கிய நுண்படச் சுருள்களை எழுத்துணரி மென்பொருளுக்குக் கொடுத்தால் குப்பையாகத்தான் வெளியே வருகிறது. அதனால் 2011 நவம்பரில் 'இகே கூஓகோஆ' என்ற திட்டத்தைத் தொடங்கி, பொதுமக்களிடமே பக்கங்களைக் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்து தட்டச்சு செய்தார்கள். மொழி தெரியாதவர்கள்கூட எழுத்தைப் பார்த்துப் பார்த்து அடித்தார்களாம். பன்னிரண்டு எழுத்துதானே.

சிறையில் ஒரு மொழிபெயர்ப்பு

மோஒ என்ற சொல்லிலிருந்து இன்னொரு சொல்லும் வருகிறது. மோஒகூவாவ்ஹாவ், வம்சாவளி. ஹவாயியின் புகழ்பெற்ற படைப்புப் பாடலான குமுலிப்போ ஒரு வம்சாவளிதான். 1700ஐ ஒட்டிப் பிறந்த ஒரு தலைவனுக்காகக் கட்டப்பட்டது என்பது மரபு. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வரிகள், பதினாறு காலங்கள். ஆழ்ந்த இருட்டில் தொடங்குகிறது. முதலில் பிறப்பது பவளப்பூச்சி. பிறகு நட்சத்திரமீன், கடலட்டை, சிப்பிகள், கடல்பாசியும் அதற்கு இணையான நிலச்செடியும், மீன், பறவை, ஆமை, பன்றி, எலி, நாய். ஏழு காலங்கள் இருட்டிலேயே போகின்றன. எட்டாவது காலத்தில் மனிதர் பிறக்க, வெளிச்சம் வருகிறது. அதன் பிறகு பெயர்கள், பெயர்கள், நூற்றுக்கணக்கில் கணவன் மனைவிப் பெயர்கள், கடைசியில் அந்தக் குழந்தை வரை.

பவளப்பூச்சிக்கும் அரசனுக்கும் ஒரே பட்டியலில் இடம். இதை ஓதுகிறவன், நான் யாருடைய வாரிசு என்று நிரூபிக்கிறான். 1874ல் தேர்தல் மூலம் அரசரான கலாக்காவாவுக்கு அந்த நிரூபணம் தேவைப்பட்டது, ஏனென்றால் அவர் கமேஹமேஹாவின் நேர்வழி வந்தவர் அல்ல. தன் குடும்பத்தின் குமுலிப்போ சுவடியை அவர் 1889ல் அச்சிட்டார். புராணத்தை அச்சிடுவது அங்கே பட்டா காட்டுவது போல.

அவருக்குப் பின் அரசியானவர் தங்கை லிலியுவோகலானி. 1893 ஜனவரி 17ல், அமெரிக்கக் கடற்படை வீரர்கள் தெருவில் நிற்க, வணிகர்களும் தோட்ட முதலாளிகளும் அவரைக் கவிழ்த்தார்கள். 1895ல் அவரைச் சிறைவைத்தார்கள், அவருடைய அரண்மனையிலேயே ஒரு மாடி அறையில். அங்கே அவர் குமுலிப்போவை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கத் தொடங்கினார். வாஷிங்டனில் முடித்தார். 1897ல் பாஸ்டனில் புத்தகமாக வந்தது. அதே 1897ல் தான் வாஷிங்டனில் அமெரிக்க இணைப்புக்கு எதிராக அவர் வாதாடிக்கொண்டிருந்தார், தீவுகளில் 21,269 பேர் எதிர்ப்பு மனுவில் கையெழுத்திட்டார்கள். மனு அமெரிக்க மேலவைக்குப் போனது, இணைப்பு ஒப்பந்தம் அப்போதைக்கு விழுந்தது. அடுத்த ஆண்டு வேறு வழியில் இணைத்துக்கொண்டார்கள்.

அந்தக் கையெழுத்துகள் நூறாண்டு வாஷிங்டனின் ஆவணக் காப்பகத்தில் கிடந்தன. ஆய்வாளர் நோயெனோயே சில்வா 1990களில் அவற்றை வெளியே கொண்டுவந்தபோது பலர் தங்கள் கொள்ளுப்பாட்டியின் கையெழுத்தைத் தேடிப் போய்ப் பார்த்தார்கள். ஹவாயியர்கள் எதிர்ப்பில்லாமல் அமெரிக்காவோடு சேர்ந்தார்கள் என்று அதுவரை பாடப்புத்தகம் சொல்லிக்கொண்டிருந்தது. ஹவாயி மொழியில் இருந்ததை யாரும் படிக்காததால் நிலைத்த பொய் அது. 1896ல் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி என்று சட்டம் வந்த பிறகு படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். 1984ல் காவாய் தீவில் முதல் ஹவாயி மொழி மழலையர் பள்ளி தொடங்கியபோது, அந்த மொழியைப் பேசும் சிறு பிள்ளைகள் விரல்விட்டு எண்ணும் அளவே.

அண்ணன் முறை

பூனாவிலிருந்து திரும்பும் வழியில் ஒரு சிறு உணவகத்தில் ஊதா நிறத்தில் கூழ் போல ஒன்றைக் கொடுத்தார்கள். போயி. சேப்பங்கிழங்கை வேகவைத்து இடித்துப் பிசைந்தது. நம்ம வீட்டில் புளிக்குழம்பிலும் வறுவலிலும் வருகிற அதே சேப்பங்கிழங்கு. ஆசியாவிலிருந்து தீவு தீவாகப் படகில் பயணப்பட்டு ஹவாயி வரை போன கிழங்கு. அங்கே பெயர் காலோ.

வானத் தந்தை வாக்கேயாவுக்கும் ஹோஹோகூகலானிக்கும் பிறந்த முதல் குழந்தை இறந்தே பிறந்தது. வீட்டுப் பக்கத்தில் புதைத்தார்கள். அந்த இடத்தில் முளைத்தது முதல் காலோ செடி. அடுத்துப் பிறந்த குழந்தைக்கும் அண்ணன் பெயரையே வைத்தார்கள், ஹாலோவா. அவன்தான் ஹவாயியர்களின் மூதாதை. ஆக, சேப்பங்கிழங்கு அண்ணன், மனிதன் தம்பி. அண்ணன் சோறு போடுவான், தம்பி பார்த்துக்கொள்ள வேண்டும். குடும்பத்தைக் குறிக்கும் 'ஓஹானா' என்ற சொல்லே, தாய்க்கிழங்கைச் சுற்றி முளைக்கும் பக்கக்கன்றான 'ஓஹா'விலிருந்து வந்தது. 'லைலோ அண்ட் ஸ்டிட்ச்' பார்த்தவர்களுக்கு ஓஹானா தெரிந்திருக்கும், அதற்குள் இருக்கும் கிழங்கு தெரிந்திருக்காது.

அழகான கதை என்று ரசித்துவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் 2002ல் ஹவாயிப் பல்கலைக்கழகம் தான் உருவாக்கிய மூன்று கலப்பினக் காலோ ரகங்களுக்குக் காப்புரிமை வாங்கியது. இலைக்கருகல் நோயைத் தாங்கும் ரகங்கள். விஞ்ஞானிகள் நல்லெண்ணத்தோடுதான் செய்தார்கள், உழவர்களுக்கு அந்த நோய் உண்மையான பிரச்சனை. காப்புரிமை ஆனதால், நட உரிமத் தொகை கட்ட வேண்டும். உழவர்கள் எழுந்தார்கள். அவர்களின் வாதங்களில் ஒன்று பொருளாதாரம்: எங்கள் முன்னோர் நூற்றாண்டுகளாகத் தெரிந்தெடுத்து வளர்த்த ரகத்திலிருந்துதானே உங்கள் கலப்பினம் வந்தது? இன்னொன்று உறவுமுறை: அண்ணனை எப்படி ஒருவர் சொத்தாக எழுதிக்கொள்ள முடியும்? 2006ல் பல்கலைக்கழகம் மூன்று காப்புரிமைகளையும் கைவிட்டது.

காப்புரிமை விண்ணப்பங்களில் பெயர் வந்தால் ஊக்கத்தொகை கொடுக்கும் துறையில் வேலை செய்பவன் நான். ஒரு புராணம் காப்புரிமையைத் திரும்பப் பெற வைத்தது என்பதை இரண்டு முறை படித்தேன். அந்த உழவர்கள் ஹாலோவாவின் கதையை அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. யாருக்கு யார் என்ன கடன்பட்டிருக்கிறார்கள் என்பதற்கான சாட்சியாகச் சொன்னார்கள்.

பெயர் வேண்டும், சாட்சி வேண்டாம்

வாக்கேயாவின் பிள்ளைகளில் ஒரு மலையும் உண்டு. 4,205 மீட்டர் உயரமுள்ள மவுனா கேயா. வானியலுக்கு உலகத்தின் மிகச்சிறந்த இடங்களில் ஒன்று, உச்சியில் பதின்மூன்று தொலைநோக்கிகள் எழுந்தன. முப்பது மீட்டர் தொலைநோக்கி என்ற பதினான்காவதை அங்கே கட்டுவதற்கு எதிராக 2019 ஜூலையில் மலைப்பாதையில் ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்தார்கள். முதியவர்கள் நாற்காலி போட்டு முன்வரிசையில் அமர்ந்தார்கள். அவர்களில் முப்பதுக்கும் மேற்பட்டவர்களைப் போலீஸ் கைது செய்தது.

இந்தத் தொலைநோக்கியில் இந்தியாவும் பங்குதாரர். கண்ணாடித் துண்டுகளில் சில, கட்டுப்பாட்டு மென்பொருளில் ஒரு பகுதி என்று இந்தியாவின் பங்களிப்பு வகுக்கப்பட்டிருக்கிறது. என் துறை, என் நாட்டுப் பணம். வேடிக்கை மட்டும் பார்த்துவிட்டு வரக்கூடிய தூரத்தில் நான் இல்லை.

ஹவாயியர்கள் அறிவியலுக்கு எதிரிகள் என்று சிலர் எழுதினார்கள். 1874ல் வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதை ஆராய வந்த பிரிட்டிஷ் வானியலாளர்களைக் கலாக்காவா மகிழ்ச்சியோடு வரவேற்றவர். நட்சத்திரத்தை வைத்துப் பெருங்கடலைக் கடந்தவர்களின் பிள்ளைகள் அவர்கள். தொலைநோக்கி வேண்டும் என்று சொல்லும் ஹவாயியர்களும் உண்டு. வேண்டாம் என்றவர்களின் கேள்வி வேறு: இந்த மலையைப் பற்றி முடிவெடுக்கும் மேசையில் எங்கள் மோஒலேலோவுக்கு என்ன மதிப்பு?

அதே 2019, ஏப்ரல் மாதம். மனிதகுலம் முதல்முறையாகக் கருந்துளை ஒன்றின் படத்தைப் பார்த்தது. அந்தப் படத்தை எடுத்த வலைப்பின்னலில் இரண்டு தொலைநோக்கிகள் மவுனா கேயாவில் இருப்பவை. பெயர் வைக்க வானியலாளர்கள் ஹவாயி மொழிப் பேராசிரியர் லாரி கிமுராவிடம் போனார்கள். அவர் கொடுத்த பெயர் போவேஹி. முடிவில்லாத படைப்பின் அலங்கரிக்கப்பட்ட ஆழ்ந்த இருள் என்று பொருள். எடுத்த இடம் குமுலிப்போ. அரசி சிறையில் மொழிபெயர்த்த அதே பாடல். ஏப்ரலில் அந்த வம்சாவளி உலகச் செய்தியானது. ஜூலையில் அதே வம்சாவளியைச் சொல்லிச் சாலையில் உட்கார்ந்த பாட்டிகளை வண்டியில் ஏற்றினார்கள். பெயராக வரும்போது கைதட்டலும் சாட்சியாக வரும்போது கைதும் கிடைத்தன.

மோஒலேலோவை மற்றவர்கள் 'தொன்மம்' என்று மொழிபெயர்க்கும்போது நடப்பது இதுதான் என்று எனக்குப் படுகிறது. சொல்லின் ஒரு பாதியை, அந்தக் 'கதை' என்ற பாதியை, மட்டும் எடுத்துக்கொள்கிறோம். வரலாறு, ஆவணம் என்ற மறுபாதியை அங்கேயே விட்டுவிடுகிறோம். மொழியும் இடமும் உறவும் போன பிறகு மிஞ்சுவது கல் எடுத்தால் சாபம் என்ற ஒற்றை வரி.

எல்லாக் கதையும் நடந்தது என்று நம்பிவிட வேண்டுமா என்றால், ஹவாயியர்களே அப்படிச் செய்யவில்லை. பத்திரிகையில் மறுப்பு எழுதினார்கள், வடிவங்களை ஒப்பிட்டார்கள், கப்பியோலானி பழத்தைப் பறித்துத் தின்றே பார்த்தார். கதையை விசாரித்தார்கள். விசாரிக்க வேண்டுமானால் முதலில் அதைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற வேண்டும். ஸ்வான்சன் செய்தது அதைத்தான்.

ஹவாயி மொழியில் கடந்த காலத்தைக் குறிக்க 'மா முவா' என்கிறார்கள். முவா என்றால் முன்பக்கம். எதிர்காலம் 'மா ஹோபே', முதுகுக்குப் பின்னால் இருப்பது. கடந்தது கண்ணுக்குத் தெரிகிறது, வரப்போவது தெரியவில்லை, அவ்வளவுதான் தர்க்கம். இதைப் படித்தபோது நமக்கு விளக்கம் தேவைப்படாது என்று தோன்றியது. முன்பு, முன்னோர், பிற்பாடு, பின்னாளில் என்று நாமும் அதே திசையில்தான் நின்று பேசுகிறோம், கவனிப்பதில்லை.

2022ல் ஹவாயி மாநிலம் மவுனா கேயாவை நிர்வகிக்கப் புதிய ஆணையம் ஒன்றை அமைத்தது. பதினோரு வாக்குகள் கொண்ட அந்த ஆணையத்தில் வானியலுக்கு இடம் இருக்கிறது. அந்த மலையோடு மரபுவழித் தொடர்புள்ள குடும்பங்களின் வழித்தோன்றலுக்கும் மலையின் சடங்குகளை அறிந்தவருக்கும் தனித்தனியாக இடம் இருக்கிறது. பதினான்காவது தொலைநோக்கி இதை எழுதும்வரை அங்கே எழவில்லை. அது எழுமா இல்லையா என்பதைப் பேசும்போது, வாக்கேயாவின் வம்சாவளியை முழுதாகச் சொல்லத் தெரிந்த ஒருவருக்கும் இப்போது அந்த மேசையில் ஒரு வாக்கு இருக்கிறது.